அஞ்சல் வழங்கிக்குத் தன் பெயரேடு வேண்டுமோ?

முகவுரை

பெயரும் புறப்பட்ட துறையும் வினவப்படாமல் எக்கலமும் எத்துறையிலும் சரக்கிறக்குவதில்லை. மாலத்தீவுக்குச் சென்று மீளும் தூத்துக்குடித் தோணிக்கும், ஆயிரக்கணக்கான சரக்குப் பெட்டிகளைச் சுமந்துவரும் பெருங்கப்பலுக்கும் இவ்விதி ஒன்றே. 1974-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் நம் துறையில், கப்பல் நங்கூரமிடுமுன்னரே அதனைப் பற்றிய செய்திகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. சரக்கு ஒப்படைப்பாணை, வந்துசேரும் நாள் பற்றிய அறிவிப்பு, விலைப்பட்டியல் ஆகிய பலவும் இக்காலத்தில் மின்னஞ்சலாகவே செல்கின்றன. அவற்றுள் ஒன்று வழியில் தடைப்படுமாயின் சரக்கு துறையில் கிடக்கும்; கிடக்குந்தோறும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். எனவே, மின்னஞ்சலை ஏற்பதும் மறுப்பதும் இக்கரையில் விளையாட்டன்று. பலருடைய பிழைப்பைத் தொடுவதாகும்.

மின்னஞ்சலை ஏற்றும் இறக்கியும் தரும் கணினியை மெயில் சர்வர் என்பர்; நாம் அதனை அஞ்சல் வழங்கி என்போம். அவ்வழங்கி தன் அலுவலை ஆற்றுதற்கு ஒவ்வொரு நொடியும் பெயர்களைப் பற்றிய வினாக்களை விடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைத் தன்னிடத்தேயே குறித்து வைத்துக்கொள்ளும் டி.என்.எஸ். கேஷ் ஒன்றை அவ்வழங்கியிலேயே நிறுவுதல் வேண்டுமோ, வேண்டாவோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா. தமிழ் பயில்வார்க்கு இதனோடு என்ன உறவெனின், பெயருக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பே இதன் உட்கிடையாதலின் இது நமக்கு அயலான பொருளன்று என்க.

பெயரும் எண்ணும்

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மாந்தராகிய நாமோ பெயரால் அறிகின்றோம். இவ்விரண்டையும் இணைக்க ஓர் ஏடு வேண்டும். இணையத்தின் தொடக்க காலத்தில் அவ்வேடு ஒன்றே ஒன்றாக இருந்தது. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையார் தலைமையில் இயங்கிய குழுவினர் அதனைப் பேணிவந்தனர். ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப்பெருக, ஒரே ஏட்டை ஒருவரே பேணுதல் இயலாதாயிற்று. ஆகவே, 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் ஒரு புதுமுறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறை. 1987-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 1034, 1035 என்னும் இரண்டு ஆவணங்கள் இன்றும் அதன் அடிப்படை நூல்களாக விளங்குகின்றன.

இம்முறையில் முழு ஏடு எவரிடத்தும் இல்லை; அவரவர் தத்தம் பகுதியை மட்டும் பேணுவர். சென்னையில் இருக்கும் ஒருவர் மணப்பாட்டிலுள்ள ஒரு வீட்டைத் தேடுவதாகக் கொள்வோம். சென்னையிலுள்ளார், ‘தூத்துக்குடிக்குச் சென்று கேளும்’ என்பர். தூத்துக்குடியார், ‘திருச்செந்தூரில் கேளும்’ என்பர். திருச்செந்தூரார், ‘தெற்கே கடற்கரையோரமாகச் செல்லும்’ என்பர். மணப்பாட்டார் வீட்டையே காட்டுவர். அதுபோலவே, வினவப்படும் பெயரைப் பற்றி முதலில் வேர்வழங்கிகள் மேற்களத்தைக் காட்டும்; மேற்களம் அதற்குட்பட்ட களத்தைக் காட்டும்; அக்களத்திற்குரிய வழங்கியே முடிந்த விடையைத் தரும். இவ்வாறு படிப்படியாக நடந்து விடையைக் கொணரும் நிரலுக்கு ரிசால்வர் என்று பெயர். நாம் விடைதேடி என்று வழங்குவோம். வேர்வழங்கிகளுக்குப் பதின்மூன்று பெயர்களே உளவேனும், அவற்றின் படிகள் உலகெங்கும் நிறுவப்பட்டுள்ளன. நம் நாட்டிலும் உள்ளன. ஆதலின் இந்நடை மிக நெடியது என்று அஞ்சவேண்டுவதில்லை.

கொற்கை தரும் பாடம்

ஒருமுறை நடந்து தேடிய விடையை மறுமுறை நடவாமற் பெறும்பொருட்டுக் குறித்து வைத்தலே கேஷ். இதற்குப் ‘பதுக்ககம்’ என்று கலைச்சொல் வகுத்தோர் உளர். அச்சொல்லில் கள்ளச்சந்தையின் வாடை வீசுதலின், நாம் கேஷ் என்றே எழுதுவோம்.

குறித்து வைத்த விடை எத்துணைக் காலம் மெய்யாயிருக்கும் என்னும் ஐயம் இங்கே எழும். இதற்கு நம் கரையே ஒரு சான்று காட்டுகின்றது. கி. பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் முத்துக்குளிக்கும் இடமாகக் கொற்கையைக் குறிக்கின்றது. அன்று அது பாண்டியர் துறை. பின்னர்த் தாமிரபரணி கொணர்ந்த மண் கடலைத் தள்ளிற்று. துறை பழைய காயலுக்குப் பெயர்ந்தது. அதன்பின் புன்னைக்காயல் தழைத்தது. இறுதியில் தூத்துக்குடி அப்பெருமையை எய்தியது. இன்று கொற்கை கடலுக்குச் சில கல் தொலைவில் உள்நாட்டூராக நிற்கின்றது. கிரேக்க நூலின் குறிப்பை மட்டும் நம்பி ஒரு மாலுமி இன்று வருவானாயின், அவன் காண்பது வயலும் வாழையுமேயன்றி அலையன்று. குறிப்புப் பொய்யன்று, அதன் காலம் கழிந்தது.

களப்பெயர் முறையை வகுத்தோர் இதனை நன்குணர்ந்தனர். ஒவ்வொரு விடையுடனும் அஃது எத்துணை நொடிகள் செல்லும் என்னும் வாழ்நாளும் சேர்ந்தே வரும். அதனை டி.டி.எல். என்பர். முந்நூறு நொடி, மூவாயிரத்து அறுநூறு நொடி என்று களத்துக்குரியவரே அதனை வரையறுப்பர். அக்காலம் கழிந்தவுடன் கேஷ் அவ்விடையை நீக்கிவிட்டு மீண்டும் தேடும். ‘அப்பெயர் இல்லை’ என்னும் எதிர்மறை விடைக்கும் வாழ்நாள் உண்டென்பதை 1998-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 2308 தெளிவாக்கிற்று. ஆதலின், கேஷ் வைத்தால் பழைய விடையே நிலைத்துவிடும் என்னும் அச்சம் பெரும்பாலும் அடிப்படையற்றது.

ஒரு மடலுக்கு எத்தனை வினா?

வெளியிலிருந்து ஒரு மடல் வந்து கதவைத் தட்டும்போது வழங்கி வினவுவன இவை: தட்டுகின்ற எண்ணுக்குரிய பெயர் யாது? அப்பெயருக்குரிய எண் மீண்டும் அதுவேயாகின்றதா? அனுப்புநர் களம் உண்மையில் உள்ளதா? அக்களத்தின் சார்பில் மடல் விடுக்க இவ்வெண்ணுக்கு உரிமை உண்டோ என்று எஸ்.பி.எப். விதி ஒன்றை ஆராய்தல் வேண்டும். அவ்விதியுள் மேலும் வினாக்களை எழுப்பும் குறிகள் பத்து வரை இருக்கலாம் என்பது 2014-ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 7208 வகுத்த எல்லை. டி.கே.ஐ.எம். என்னும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் வேண்டும். டி.எம்.ஏ.ஆர்.சி. என்னும் கொள்கைக் குறிப்பு வேண்டும். இவற்றோடு, இவ்வெண் தீயோர் பட்டியலில் உள்ளதா, மடலுள் காணும் இணைய முகவரிகள் அத்தகைய பட்டியலில் உள்ளனவா என்று இரண்டு மூன்று இடங்களிலேனும் கேட்டல் வேண்டும்.

இவ்வாறு ஒரு மடலுக்கு இருபது வினா எழுவதாகக் கொண்டால், நாள் ஒன்றுக்கு மூவாயிரம் மடல் பெறும் ஒரு சிற்றலுவலகமும் அறுபதினாயிரம் வினா விடுக்கும். அவற்றுள் பெரும்பகுதி ஒரே சில களங்களைப் பற்றியனவாகவே இருக்கும். கேஷின் பயன் இங்கே வெளிப்படை.

விரைவு வாதமும் அதன் அளவும்

கேஷை ஆதரிப்போர் முதற்கண் எடுத்துக்காட்டுவது விரைவு. தன்னகத்தே உள்ள விடை ஒரு மில்லிநொடிக்குள் கிட்டும். வெளியே சென்று வருவது பற்பல மில்லிநொடிகள் கொள்ளும். இது மெய்யே. எனினும், இவ்வாதத்தை நாம் அளவறிந்தே ஏற்போம். மின்னஞ்சல், காத்திருக்கத் தெரிந்த ஊர்தி. ஒருமுறை சேராத மடலைப் பலமுறை முயன்று, நான்கைந்து நாள் கழிந்த பின்னரே கைவிடுக என்பது அதன் விதி. சில மில்லிநொடிகள் முன்னும் பின்னும் ஆவதனால் எந்தச் சரக்கும் துறையில் தேங்குவதில்லை. மேலும், இணைப்புத் தரும் நிறுவனத்தின் விடைதேடியிலும் கேஷ் உண்டு. பலரும் அதனை வினவுவதனால், வேண்டும் விடை முன்னரே அங்கு ஆயத்தமாயிருத்தலும் கூடும். விரைவு ஒன்றே காரணமாயின், இவ்வினாவுக்கு ‘வைப்பினும் நன்று, வையாதொழியினும் பெருங்குறையில்லை’ என்று விடையிறுத்து நாம் எழுதுகோலைக் கீழே வைத்துவிடலாம். ஆயின், காரணம் வேறொன்று உளது.

யார் கேட்கின்றார்?

தேவையற்ற மடல்களின் தொல்லை பெருகியபோது, அவற்றை விடுக்கும் எண்களைத் தொகுத்துப் பட்டியலாக்கி, அப்பட்டியலை டி.என்.எஸ். வழியாகவே வினவுமாறு அமைக்கும் முறை தோன்றிற்று. 1997-இல் பால் விக்சி என்பார் இம்முறைக்கு வழிகாட்டினார். 1998-இல் ஸ்டீவ் லின்போர்ட் என்பார் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் இன்று இத்துறையில் மிகப் பெயர் பெற்றது. வினவும் முறை எளிது. 192.0.2.25 என்னும் எண்ணிலிருந்து மடல் வருமாயின், அவ்வெண்ணின் நாற்பகுதிகளையும் தலைகீழாக்கி, 25.2.0.192 என்று எழுதி, அதன்பின் பட்டியலின் களப்பெயரைச் சேர்த்து ஒரு பெயர்போல் வினவுதல் வேண்டும். ‘அப்பெயர் இல்லை’ என்று விடை வந்தால் அவ்வெண் குற்றமற்றது. 127.0.0 என்று தொடங்கும் ஓர் எண் விடையாக வந்தால் அது பட்டியலில் உள்ளது.

இப்பட்டியலைப் பேணுவோர், சிறு அளவில் வினவுவார்க்கு அதனை இலவசமாக வழங்குகின்றனர். மிகுதியாக வினவுவார்க்கும் வணிகர்க்கும் வேறு நிபந்தனைகள் உள. ஆதலின், கேட்பவர் யார் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். அவர்கள் காண்பது விடைதேடியின் எண்ணை மட்டுமே. 2009-இல் கூகுள் நிறுவனம் 8.8.8.8 என்னும் எண்ணிலும், 2018-இல் கிளவுட்பிளேர் நிறுவனம் 1.1.1.1 என்னும் எண்ணிலும் உலகோர் அனைவர்க்கும் பொதுவான விடைதேடிகளைத் திறந்தன. வலைப்பக்கங்களைக் காண்பார்க்கு அவை மிக உதவுவன. ஆனால், அஞ்சல் வழங்கி அவற்றின் வாயிலாகப் பட்டியலை வினவும்போது, எண்ணிறந்தோர் வினாக்கள் ஒரே முகத்தோடு சென்று நிற்கின்றன. தூத்துக்குடியிலுள்ள சிறு கப்பல் முகவர் கேட்கின்றாரா, வேறொரு நாட்டிலுள்ள பெருநிறுவனம் கேட்கின்றதா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே, ஸ்பாம்ஹாஸ் அவ்வழி வரும் வினாவுக்கு மெய்விடை தருவதில்லை, 127.255.255.254 என்னும் ஓர் எண்ணைத் திருப்பி விடுக்கின்றது. ‘பொது விடைதேடி வழியாகக் கேட்கின்றீர், இதற்கு விடையில்லை’ என்பதே அதன் பொருள்.

இதன் விளைவை நோக்குவோம். அஞ்சல் வழங்கியை அமைத்தவர், எவ்விடை வந்தாலும் குற்றமென்று கொள்ளுமாறு விதி வகுத்திருப்பாராயின், அம்மறுப்பு எண்ணும் குற்றச்சான்றாகவே கொள்ளப்படும். அப்போது வரும் மடல் ஒவ்வொன்றும், நல்லதும் தீயதும் வேறுபாடின்றி, கதவடியிலேயே திருப்பி விடப்படும். ஒப்படைப்பாணை விடுத்தவருக்கு, ‘நீர் தீயோர் பட்டியலில் உள்ளீர்’ என்னும் பொய்ப்பழி சென்று சேரும். சரக்கோ துறையில் கிடக்கும். விதியைச் சரியாக வகுத்திருப்பாராயின், அம்மறுப்பு எண்ணை வழங்கி புறக்கணித்துவிடும். அப்போது பட்டியல் இருந்தும் இல்லாததாகி, குப்பை மடல்கள் தடையின்றி உள்ளே வரும். முன்னையது காது கேளாத காவலன்; பின்னையது கண் காணாத காவலன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வினா தன் பெயரில் செல்லவில்லை.

தனக்கென ஒரு விடைதேடியை வழங்கியிலேயே வைத்துக்கொண்டால், வினா தன் எண்ணிலிருந்தே புறப்படும், இக்குறை நீங்கும். விரைவுக்காக அன்று, பெயருக்காகவே இது வேண்டும் என்பது நம் கருத்து.

நம்பிக்கையின் கயிறு

இரண்டாவது காரணம் விடையின் மெய்ம்மை பற்றியது. முதுமையால் கண் மங்கிய ஈசாக்கு, தன்முன் நின்ற மகன் யாவன் என்று ஐயுற்றும், கையைத் தடவிப் பார்த்து ஏமாந்து, மூத்தவனுக்குரிய ஆசியை இளையவனுக்கு அளித்த வரலாற்றை நாம் அறிவோம். டி.என்.எஸ். முறையிலும் அவ்வகை ஏமாற்றத்திற்கு இடமுண்டு. மெய்யான விடை வருமுன் ஒருவன் பொய்விடையை முந்தி விடுத்துக் கேஷில் நுழைத்துவிடலாம் என்பதை 2008-இல் டான் காமின்ஸ்கி என்பார் கண்டுணர்த்தினார். அதன்பின் விடைதேடிகள் பலவாறு வலுப்படுத்தப்பட்டன. 2010 சூலையில் டி.என்.எஸ். வேரே கையொப்பமிடப்பட்டது. டி.என்.எஸ்.செக் எனப்படும் அக்கையொப்ப முறையால், விடை இடைவழியில் மாற்றப்பட்டதா என்று சரிபார்க்க இயலும்.

ஆனால், சரிபார்ப்பவர் யார்? தொலைவிலுள்ள விடைதேடி சரிபார்த்துவிட்டு, ‘பார்த்தேன்’ என்று ஒரு சிறு குறியை மட்டும் இட்டு விடையை விடுக்கின்றது. அவ்விடைதேடிக்கும் நம் வழங்கிக்கும் இடைப்பட்ட வழியில் அக்குறியை மாற்றுவார் இல்லையென்று யார் உறுதி கூறுவர்? முத்துக் குளிக்க இறங்குவோன் தன் உயிர்க்கயிற்றைக் கூலியாள் கையிற் கொடான். மைத்துனன் கையிலேயே கொடுப்பான் என்பது இக்கரையோர மக்கள் வாய்மொழியாக வழங்கிவரும் செய்தி. தங்கை தாலிக்குக் கேடு நினையாதவன் அவன் என்பது கருத்து. சரிபார்க்கும் தொழிலையும் அவ்வாறே தன் வீட்டாரிடத்து வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

இது வெறும் உவமையன்று. வீட்சே வெனீமா என்பார் இயற்றிய போஸ்ட்பிக்ஸ் என்னும் அஞ்சல் நிரல், 2014-இல் வந்த 2.11 என்னும் பதிப்பு முதல் டேன் என்னும் முறையை ஏற்றது. பெறுநரின் வழங்கி மெய்யானதுதானா என்பதை டி.என்.எஸ். வாயிலாக உறுதிசெய்து, மறையாக்கிய வழியில் மடல் விடுக்கும் முறை அது. அம்முறை பயன்தரல் வேண்டுமாயின், கையொப்பம் சரிபார்க்கும் விடைதேடி அதே பொறியில் இருத்தல் வேண்டும் என்று அந்நிரலின் விளக்கவுரையே அறிவுறுத்துகின்றது.

மறுப்புரைகளும் விடைகளும்

‘பேணுதற்கு இன்னுமொரு நிரல் ஏற்படுகின்றதே’ என்பது முதல் மறுப்பு. இது புறக்கணிக்கத் தக்கதன்று. விடைதேடி நின்றால் அஞ்சலும் நிற்கும். ஆயினும், அவ்வாறு நிற்கும்போது வெளிச்செல்லும் மடல் வரிசையில் காத்திருக்குமேயன்றி அழிந்துபடாது. போஸ்ட்பிக்ஸ் இயல்பாகவே ஐந்து நாள் வரை அதனைப் பேணும். தவறான விடையைக் கொண்டு நன்மடலைத் திருப்புவதினும், விடையின்றிச் சிறிது காத்திருத்தல் மேலானது.

‘இதனால் பிறர்க்குத் தீங்கு நேராதோ’ என்பது இரண்டாவது. நேரும், கதவைத் திறந்து வைத்தால். எவர் கேட்பினும் விடையிறுக்கும் விடைதேடியைத் தீயோர் கருவியாக்கி, சிறு வினாவால் பெருவிடையைப் பிறர்மேல் ஏவுவர். 2013 மார்ச்சுத் திங்களில் ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின்மீதே அத்தகைய பெருந்தாக்குதல் நிகழ்ந்தது. அதற்குத் துணைபோனவை உலகெங்கும் கவனமின்றித் திறந்து விடப்பட்ட விடைதேடிகள். எனவே, நம் விடைதேடி 127.0.0.1 என்னும் உள்முகவரியில் மட்டுமே செவிசாய்த்தல் வேண்டும்; வெளியார் குரல் அதற்குக் கேட்டலாகாது.

‘எல்லா இடத்தும் இது பயன்படுமோ’ என்பது மூன்றாவது. படாது. தம் அஞ்சலை முழுதும் கூகுளிடமோ மைக்ரோசாப்டிடமோ ஒப்படைத்துவிட்ட கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் இவ்வினாவே எழாது. வரும் மடலை ஏலாமல், தன் மடல்களை மட்டும் வேறொரு பெருவழங்கியிடம் கொடுத்துவிடும் சிறுபொறிக்கும் இது தேவையன்று. சில இணைப்பு நிறுவனங்கள் 53-ஆம் வாயில் வழிச் செல்லும் வினாக்களை இடைமறித்துத் தாமே விடையிறுக்கும். அத்தகைய இடத்தில் விடைதேடியை நிறுவினும் பயனில்லை.

சொல்லில் உள்ள மயக்கம்

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுதல் எம் கடமை. கேஷ் என்னும் ஒரே பெயரால் இருவகைப் பொருள்கள் வழங்கப்படுகின்றன. ஒருவகை, தான் நடந்து தேடாமல், வந்த வினாவை வேறொரு விடைதேடியிடம் கைமாற்றிவிட்டு, அது தந்த விடையைக் குறித்து வைப்பது. டிஎன்எஸ்மாஸ்க், சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஆகியன இவ்வகையின. மற்றொருவகை, வேரிலிருந்து தொடங்கித் தானே நடந்து தேடிக் குறித்து வைப்பது. அன்பவுண்ட், பைண்ட் ஆகியன இத்தொழிலைச் செய்ய வல்லன. முன்னையதை நிறுவி அதனைப் பொது விடைதேடியோடு இணைத்துவிட்டு, ‘கேஷ் வைத்துவிட்டோம்’ என்று அமைதியுறுவோர் உளர். அவர்க்கு விரைவு கிட்டும், பெயரோ கிட்டாது. பட்டியலுக்குச் செல்லும் வினா முன்போலவே பிறர் முகத்தோடு செல்லும், 127.255.255.254 என்னும் மறுப்பே வரும். அதனையும் கேஷ் செவ்வனே குறித்து வைத்து, மிக விரைவாகத் திருப்பித் தரும்! ஆகவே, ‘கேஷ் வேண்டுமோ’ என்று கேட்பதினும், ‘தானே தேடும் விடைதேடி வேண்டுமோ’ என்று கேட்பதே பொருந்தும்.

நடைமுறை

இத்தொழிலில் இறங்குவார்க்குச் சில குறிப்புகள் கூறுவோம்.

முதலாவது, நெதர்லாந்திலுள்ள என்.எல்.நெட் ஆய்வகத்தார் வழங்கும் அன்பவுண்ட் போன்றதொரு விடைதேடியை நிறுவி, உள்முகவரியில் மட்டும் கேட்குமாறும், பிறரிடம் கைமாற்றாமல் தானே தேடுமாறும், கையொப்பத்தைச் சரிபார்க்குமாறும் அமைத்தல்.

இரண்டாவது, ரிசால்வ்.கான்ப் என்னும் கோப்பில் 127.0.0.1 என்பதை மட்டும் எழுதுதல். ‘ஒருகால் இது தவறினால் உதவட்டும்’ என்று இரண்டாவதாகப் பொது விடைதேடி ஒன்றையும் எழுதிவைப்பது வழக்கம், அது தீங்கானது. முதலாவது ஐந்து நொடிக்குள் விடை தாராவிடினும், கையொப்பம் பொருந்தவில்லையென்று மறுத்தாலும், லினக்ஸ் கணினி இரண்டாவதை வினவச் செல்லும். அப்போது, வாயிற்காவலன் தள்ளிய விடை புழைக்கடை வழியே உள்ளே வரும். போஸ்ட்பிக்ஸ் சில நிறுவல்களில் தனக்கென இக்கோப்பின் படியொன்றை வைத்திருக்கும்; அதனையும் மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, வழங்கியின் எண்ணுக்கு எதிர்ப்பெயரை முறையாகப் பதிவு செய்தல். வாடகைக் கணினிகளுக்கு இயல்பாக இடப்படும் முகமற்ற பெயரோடு வினவினால், ஸ்பாம்ஹாஸ் அதனையும் அதே மறுப்பு எண்ணால் திருப்பும். தன் பெயரில் கேட்பதற்கு, முதலில் தனக்கொரு பெயர் இருத்தல் வேண்டுமன்றோ!

நான்காவது, வழங்கியின் கடிகாரத்தைச் சரியாக வைத்தல். கையொப்பங்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பிழைத்தால் மெய்க்கையொப்பமும் பொய்யாகத் தோன்றும்.

ஐந்தாவது, நாள்தோறும் ஒரு சோதனை செய்தல். 127.0.0.2 என்னும் எண் பட்டியலில் இருத்தல் வேண்டும், 127.0.0.1 இருத்தலாகாது என்று 2010-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 5782 விதித்துள்ளது. இவ்விரண்டையும் வினவி, முன்னையது ‘உண்டு’ என்றும் பின்னையது ‘இல்லை’ என்றும் வருவதைக் கண்டுகொள்க. இச்சோதனை, பட்டியலே மறைந்துபோனதையும் காட்டிக்கொடுக்கும். ஓ.ஆர்.டி.பி. என்னும் பட்டியல் 2006 திசம்பரில் மூடப்பட்டது. அதனை நீக்காமல் வினவிக்கொண்டே இருந்தோர் பலர். 2008 மார்ச்சில் அது கேட்ட எண் ஒவ்வொன்றையும் ‘உண்டு’ என்று கூறத் தொடங்கியது. வினவியோர் நன்மடல்களையெல்லாம் இழந்தனர். கொற்கையைத் தேடிய மாலுமியின் கதை அங்கும் நிகழ்ந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வரும் மடலைத் தானே ஏற்று, தானே ஆராய்ந்து, தானே தள்ளும் அஞ்சல் வழங்கிக்குத் தன்னகத்தே ஒரு விடைதேடி வேண்டும் என்பது நம் முடிபு. அது விரைவும் தரும். ஆயின் விரைவு அதன் உபரிப்பயனே. கேட்பவன் தன் பெயராற் கேட்டலும், பெற்ற விடையைத் தன் வீட்டிலேயே சரிபார்த்தலுமே அதன் தலையாய பயன்கள். பிறரிடம் அஞ்சலை ஒப்படைத்தவர்க்கும், மடலை ஏலாத சிறுபொறிக்கும் அது வேண்டா.

மடல் ஒன்றைத் தள்ளுதல் எளிய செயல் போலத் தோன்றும். தள்ளப்பட்டவரோ தாம் ஏன் தள்ளப்பட்டோம் என்பதை அறியார். ஒருவரை ஆராய்ந்தன்றித் தெளியலாகாது என்று வற்புறுத்திய வள்ளுவர், தெரிந்து தெளிதல் என்று அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். யாரோ சொல்லக் கேட்டு ஒருவனைக் குற்றவாளியென்று வாயிலில் நிறுத்தும் காவலன், தான் கேட்டது விடையா, விடை மறுப்பா என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும். அறியும் வாய்ப்பு, சிறியதொரு நிரலும் சில வரி அமைப்பும் ஆகிய இவ்வளவினால் கிட்டுமாயின், அதனை வேண்டாவென்று விடுதல் தகுமோ? கற்றோர் சிந்திப்பாராக.